'அம்மா' என்று அடித்தால் 'சீப்பு' வந்த காலம்: 12 பட்டன்களில் மெசேஜும் மெயிலும் ஓடியது எப்படி?

வீட்டு அலமாரியில் பழைய நோக்கியா ஏதாவது உயிரோடு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 'டி9' வசதியை ஆன் செய்து 2, 6, 6, 2 என்று நான்கு பட்டன்களை வரிசையாக அழுத்துங்கள். ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று எழுத அழுத்த வேண்டியவை அந்த நான்கும்தான். ஆனால் ஆங்கில அகராதியில் அந்த எண்களுக்குக் கிடைப்பது தலை வாரும் சீப்புக்கான சொல். 'அண்ணா'வுக்கும் அதே எண்கள், அதே சீப்பு.

'அன்பு' என்று அடித்தால் படகோ, மழைக்குப் போடும் கோட்டோ வரும். நண்பனைச் செல்லமாக 'போடா' என்று திட்டப் போனால் 'சோடா' ஆகிவிடும். இப்படி எத்தனை சோடாக்கள் போய்ச் சேர்ந்தனவோ!

இன்று விரலைத் திரையில் இழுத்தே வாக்கியம் எழுதுகிறோம். எழுத வேண்டாம் என்றால் பேசினால் போதும், போன் எழுதிக்கொள்ளும். ஆனால் 2000-களில் ஸ்மார்ட்போன் என்று காசு கொட்டி வாங்கிய பலரும், அதில் ஆபீஸ் மெயிலுக்குப் பதில் எழுதியது எண்கள் அச்சிட்ட 12 பட்டன்களில்தான். நோக்கியா 7650, 6600, என்70, என்95 எல்லாமே அந்த ரகம். கேமரா இருந்தது, இன்டர்நெட் இருந்தது, மெயில் இருந்தது. கீபோர்டு மட்டும் இல்லை.

எப்படிச் சமாளித்தார்கள்?

டயல் செய்ய வந்த எழுத்துகள்

எண் பட்டன்களில் ஏ, பி, சி இருப்பதற்கும் மெசேஜுக்கும் ஆரம்பத்தில் சம்பந்தமே கிடையாது. அமெரிக்காவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரின் முதல் எழுத்துகளை டயல் செய்வதற்காக எண்களோடு எழுத்துகளையும் போட்டார்கள். பழைய அமெரிக்க டயல்களில் க்யூ, இசட் இரண்டுக்கும் இடமே இல்லை. பிற்பாடுதான் 7-லும் 9-லும் அவற்றைச் சொருகினார்கள். அந்த இரண்டு பட்டன்களில் மட்டும் நான்கு எழுத்துகள் இருப்பது அதனால்தான்.

மெசேஜ் வந்தபோதும் போன் தயாராக இல்லை. உலகின் முதல் எஸ்எம்எஸ் 1992 டிசம்பர் 3-ம் தேதி பிரிட்டனில் போனது. நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். அவர் டைப் செய்தது கம்ப்யூட்டரில். ஏனென்றால் அன்றைய போனில் மெசேஜ் டைப் செய்ய வழி இல்லை.

160 எழுத்து என்ற எல்லை அதற்கும் முந்தைய கதை. 1985-ல் ஜெர்மானியப் பொறியாளர் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட், டைப்ரைட்டரில் மனம்போன வாக்கியங்களை அடித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை எழுத்து வருகிறது என்று எண்ணிப் பார்த்தார். பெரும்பாலானவை 160-க்குள் அடங்கின. போதும் என்று முடிவு செய்தார். எண்ணியவர் ரோமன் எழுத்தில் எழுதுபவர் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் தமிழ் அடிவாங்குவது அங்கேதான்.

'ஹலோ' சொல்ல 13 அழுத்தம்

முதலில் இருந்த வழி 'மல்டி டேப்'. 2-ஐ ஒரு முறை அழுத்தினால் ஏ, இரண்டு முறை என்றால் பி, மூன்று முறை என்றால் சி. ஆங்கிலத்தில் 'ஹலோ' என்பதற்கு ஐந்து எழுத்துகள். அதற்கு 4-ஐ இரண்டு முறை, 3-ஐ இரண்டு முறை, 5-ஐ மூன்று முறை, மறுபடியும் 5-ஐ மூன்று முறை, 6-ஐ மூன்று முறை அழுத்த வேண்டும். ஆக மொத்தம் 13. நடுவில் இரண்டு 'எல்' அடுத்தடுத்து வருவதால், முதல் 'எல்' பதியும் வரை ஒரு நொடி காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்திவிட்டால் ஜே, கே, எல், 5 என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

மெயில் என்றால் இன்னும் கஷ்டம். முகவரியில் வரும் '@' குறியைக் கண்டுபிடிப்பதே தனி வேலை. 1-ஐப் பலமுறை தட்ட வேண்டும், இல்லையென்றால் நட்சத்திரப் பட்டனை அழுத்திக் குறியீட்டு அட்டவணையைத் திறந்து தேட வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண் என்று மாற '#' பட்டன். நோக்கியாவின் ஸ்மார்ட்போன்களில் பென்சில் படம் போட்ட பட்டன் ஒன்று தனியாக இருந்தது. அதை அழுத்திப் பிடித்தபடி ஜாய்ஸ்டிக்கை நகர்த்தினால் வரிகள் செலக்ட் ஆகும். பிறகு காப்பி, பேஸ்ட் செய்யலாம். தெரிந்தவர் ஆபீஸில் ராஜா மாதிரி.

இவ்வளவு பாடு என்பதால்தான் மெசேஜ் மொழியே சுருங்கியது. உயிரெழுத்துகள் காணாமல் போயின, 'கிரேட்' நடுவில் 8 என்ற எண் உட்கார்ந்தது. இளைஞர்கள் மொழியைக் கெடுக்கிறார்கள் என்று பெரியவர்கள் அலுத்துக்கொண்டார்கள். உண்மையில் அது சோம்பேறித்தனம் இல்லை. கட்டைவிரல் வலியும் எஸ்எம்எஸ் கட்டணமும் சேர்ந்து போட்ட கணக்கு.

ஒரு எழுத்துக்கு ஒரே அழுத்தம்

இந்த இடத்தில்தான் டி9 வருகிறது. '9 பட்டன்களில் எழுத்து' என்பதன் சுருக்கம் அது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இருந்த டெஜிக் என்ற சிறிய நிறுவனம் உருவாக்கியது. மார்ட்டின் கிங், கிளிஃப் குஷ்லர், டேல் குரோவர் ஆகியோர் அதன் பின்னால் இருந்தவர்கள். பலருக்குத் தெரியாத விஷயம் என்னவென்றால், இதன் வேர் கைபேசியில் இல்லை. கை அசைக்கவோ பேசவோ முடியாத மாற்றுத்திறனாளிகள், மிகக் குறைந்த அசைவுகளில் எழுதுவதற்கான கருவிகளை உருவாக்கும் முயற்சியில் இருந்து வந்தது இது. அசைவு குறைவு என்றால் பட்டனும் குறைவாகத்தான் இருக்க முடியும். இருக்கும் கொஞ்சம் பட்டன்களில் முழு மொழியையும் எப்படி எழுதுவது? அவர்கள் தேடிய விடை, பிறகு உலகத்தின் கட்டைவிரலுக்கே தேவைப்பட்டது.

யோசனை எளிது. 4 என்றால் ஜி, எச், ஐ மூன்றில் எது என்று நீங்கள் சொல்ல வேண்டாம். பட்டனை ஒரு முறை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சொல் முடியும்போது, அந்த எண் வரிசைக்குப் பொருந்தும் சொற்கள் அகராதியில் எவை என்று போன் பார்க்கும். அதிகம் புழங்கும் சொல்லை முதலில் காட்டும். 'ஹலோ'வுக்கு 4-3-5-5-6. அவ்ளோதான், ஐந்தே அழுத்தம்.

ஒரே நிபந்தனை, திரையைப் பார்க்கக் கூடாது! பாதிச் சொல்லில் திரையில் என்னென்னவோ உளறும். பயந்து அழிக்காமல் கடைசி எழுத்து வரை போனால் சரியான சொல் தானாக வந்து உட்காரும். டி9-ஐ வெறுத்தவர்களில் பலர் இந்த நம்பிக்கை வராமல் பாதியில் ஓடியவர்கள்தான். நம்பிக்கை வந்தவர்களோ மேஜைக்கு அடியில், பாக்கெட்டுக்குள், பார்க்காமலேயே மெசேஜ் அனுப்பினார்கள். 5-ம் எண் பட்டனில் இருக்கும் சின்ன மேடு விரலுக்கு வழிகாட்டும். இன்றைய கண்ணாடித் திரையில் அந்த வித்தையைச் செய்து பாருங்கள், முடியாது.

ஒரே எண் வரிசைக்குப் பல சொற்கள் வந்தால்? 4-6-6-3 அழுத்தினால் 'குட்', 'ஹோம்', 'கான்', 'ஹுட்' என்று நாலைந்து சொற்கள் வரிசைகட்டும். நட்சத்திரப் பட்டனைத் தட்டித் தேவையானதை எடுக்க வேண்டும். 2-6-6-5 என்றால் 'புக்', 'கூல்' இரண்டுமே பொருந்தும். போன் முதலில் 'புக்'கைக் காட்டியதால், பிரிட்டன் இளைஞர்கள் சிலர் 'கூல்' என்பதற்குப் பதிலாகப் 'புக்' என்றே பேச ஆரம்பித்தார்கள். எந்திரத்தின் தப்பு ஊர் வழக்காக மாறிவிட்டது.

கனடாவின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர் ஸ்காட் மெக்கன்சி 2002-ல் இதற்குக் கணக்கு போட்டார். மல்டி டேப்பில் ஒரு எழுத்துக்குச் சராசரியாக 2.03 அழுத்தம் தேவை. டி9-ல் 1.007. முழு கீபோர்டில் ஒன்று என்றால், டி9 கிட்டத்தட்ட அதற்குச் சமம். 12 பட்டன் வைத்துக்கொண்டு இது சாதாரண விஷயமா?

ஆனால் அந்த 1.007-க்குள் ஒரு மறைமுக நிபந்தனை இருக்கிறது. நீங்கள் எழுதும் சொல் அகராதியில் இருக்க வேண்டும். உங்கள் பெயர் அதில் இல்லையென்றால், உங்கள் ஊர் இல்லையென்றால், நீங்கள் எழுதுவது ஆங்கில எழுத்தில் தமிழ் என்றால், எல்லாமே மறுபடி மல்டி டேப். சொல் பொருந்தாதபோது நோக்கியா ஒரு கேள்விக்குறியைக் காட்டும். 'ஸ்பெல்' என்று ஒரு வாய்ப்பும் தரும். அதில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அகராதியில் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பலர் போன் வாங்கிய முதல் வேலையாக டி9-ஐ ஆஃப் செய்ததில் ஆச்சரியமே இல்லை.

பிளாக்பெர்ரியின் பாதி வழி

டெஜிக்கை 1999-ல் ஏஓஎல் வாங்கியது. அதே ஆண்டு வந்த நோக்கியா 3210 போன்ற போன்கள் டி9-ஐ வீடுதோறும் கொண்டுசேர்த்தன. மெயிலுக்குப் பேர்போன பிளாக்பெர்ரி எதிர்ப்பக்கம் இருந்தது. அதில் முழு கீபோர்டு உண்டு, அதனால் போன் அகலம். சட்டைப் பையில் வைத்தால் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஒல்லியான போன் வேண்டும், மெயிலும் அடிக்க வேண்டும் என்ற இடத்தில் பிறந்ததுதான் 'ஷ்யூர்டைப்'. 2004-ல் 7100 வரிசை போன்களில் வந்தது, 2006-ல் 'பேர்ல்' மாடலில் பிரபலமானது. கம்ப்யூட்டர் கீபோர்டின் எழுத்து வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு பட்டனுக்கு இரண்டு எழுத்து என்று மடித்துவிட்டார்கள். க்யூ-டபிள்யூ ஒரு பட்டன், இ-ஆர் ஒரு பட்டன், ஏ-எஸ் ஒரு பட்டன். எல், எம் இரண்டுக்கு மட்டும் தனி பட்டன்கள். 26 எழுத்தும் 14 பட்டன்களில் முடிந்தது.

எட்டு பட்டன்களில் மோதிக்கொண்ட சொற்கள் 14 பட்டன்களில் கொஞ்சம் விலகி நின்றன. 'குட்', 'ஹோம்' சண்டை இங்கே இல்லை. ('குட்', 'ஹுட்' சண்டை மட்டும் தீரவில்லை, ஜி-யும் எச்-சும் இங்கேயும் ஒரே பட்டன்.) இன்னொரு புத்திசாலித்தனம், உங்கள் தொடர்புப் பட்டியலில் இருக்கும் பெயர்களை அது தானாகவே கற்றுக்கொண்டது. முதல்முறை எழுதும்போது தடுமாறிய மேனேஜர் பெயர் அடுத்தமுறை சரியாக வரும். டி9 விட்ட இடத்தை ஷ்யூர்டைப் பிடித்த நுட்பம் இது.

அப்படியும் யாரும் போனில் நீளமாக மெயில் எழுதவில்லை. 'ஓகே', 'பார்த்துவிட்டுச் சொல்கிறேன்', 'நாளை பேசலாம்' அளவுதான். கீழே தானாக ஒட்டிக்கொள்ளும் 'பிளாக்பெர்ரியில் இருந்து அனுப்பியது' என்ற வரி விளம்பரமாகவும் இருந்தது, மன்னிப்புக் கடிதமாகவும் இருந்தது. பதில் சுருக்கமாக இருந்தாலும் எழுத்துப்பிழை இருந்தாலும் கோபித்துக்கொள்ளாதே என்று அர்த்தம்.

பேனா பிடித்தவர்கள்

பட்டனே வேண்டாம் என்று முடிவெடுத்த கூட்டமும் உண்டு. 1996-ல் வந்த பாம் பைலட் கையடக்கக் கருவியில் 'கிராஃபிட்டி' என்ற எழுத்துமுறை இருந்தது. பிறகு பாம் மென்பொருளில் ஓடிய ஆரம்ப ஸ்மார்ட்போன்களுக்கும் அது போனது. சின்னக் குச்சியால் திரையில் எழுத வேண்டும், ஒரு எழுத்துக்கு ஒரே கோடு. ஏ-வுக்குக் குறுக்குக் கோடு கிடையாது, தலைகீழ் 'வி' போதும். மனிதர் கையெழுத்தை எந்திரம் படிக்கக் கற்பதற்குப் பதிலாக, எந்திரத்துக்குப் புரியும் கையெழுத்தை மனிதர் கற்றுக்கொண்டார். வேடிக்கைதான், ஆனால் வேலை செய்தது.

அதற்கும் வழக்கு வந்தது. ஒற்றைக்கோடு எழுத்துமுறைக்கான காப்புரிமை தன்னிடம் இருப்பதாக ஜெராக்ஸ் 1997-ல் நீதிமன்றம் போனது. 2003 வாக்கில் பாம் வேறு முறைக்கு மாறியது. 2006-ல் 2.25 கோடி டாலர் கொடுத்து விவகாரத்தை முடித்தது. பழகிய கைகளுக்குத்தான் அவஸ்தை, மறுபடி முதலில் இருந்து 'அ, ஆ'.

வேகம் பற்றி ஒரு குட்டிக் கதை. 2005-ல் அமெரிக்க டிவி நிகழ்ச்சியான 'தி டுநைட் ஷோ'வில் போட்டி வைத்தார்கள். ஒரு பக்கம் எஸ்எம்எஸ் வேகத்தில் பேர்பெற்ற இளைஞர்கள், மறுபக்கம் மோர்ஸ் தந்தி முறையில் பழகிய அமெச்சூர் ரேடியோக்காரர்கள். ஜெயித்தது, 160 ஆண்டு பழைய தந்தி!

தமிழுக்கு 70

இனி தமிழுக்கு வருவோம். ஒரு எஸ்எம்எஸ்ஸில் இருக்கும் இடம் 140 பைட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்து கிடைத்தது. தமிழ் யூனிகோடில் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 16 பிட். எனவே 70.

அந்த 70-ம் நாம் எண்ணுகிற எழுத்து இல்லை. 'க்' என்பது நமக்கு ஒரு எழுத்து, யூனிகோடுக்கு இரண்டு: 'க' ஒன்று, மேலே வைக்கும் புள்ளி ஒன்று. 'பொங்கல் வாழ்த்துகள்' என்பதில் நம் கணக்குக்கு 10 எழுத்துகள். போன் கணக்குக்கு இடைவெளியோடு சேர்த்து 19. வாழ்த்திலேயே கால்வாசி இடம் காலி. 70-ஐத் தாண்டினால் மெசேஜ் உடைந்து, ஒவ்வொரு துண்டுக்கும் 67-தான் கிடைக்கும். ஆங்கிலத்தில் ஒரே எஸ்எம்எஸ்ஸில் போகும் 160 எழுத்து அளவு, தமிழில் மூன்று எஸ்எம்எஸ் காசு.

காசு போகட்டும், டைப் செய்வது எப்படி? 12 உயிர், 18 மெய், ஆய்தம், அதோடு ஜ, ஷ, ஸ, ஹ. இவை அனைத்தும் பத்துப் பட்டன்களுக்குள். அப்படியே அனுப்பினாலும் வாங்குபவரின் போனில் தமிழ் இல்லையென்றால் வெறும் சதுரப் பெட்டிகள் போய்ச் சேரும். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் தங்கிலீஷ் பரவியதற்கு ஆங்கில மோகம் மட்டும் காரணம் இல்லை. விலை, பட்டன், பெட்டி மூன்றும் காரணம்.

இதை உடைக்கும் முயற்சி தமிழ்நாட்டுக்கு வெளியே தொடங்கியது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன், 'முரசு அஞ்சல்' மூலம் கம்ப்யூட்டரில் தமிழைக் கொண்டுவந்தவர். அவர் உருவாக்கிய 'செல்லினம்' 2005 பொங்கலையொட்டி சிங்கப்பூரில் அறிமுகமானது. எண் பட்டன் கைபேசியிலேயே தமிழில் எழுதி எஸ்எம்எஸ் அனுப்ப முடிந்தது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. அங்கே அது முதலில் வந்தது தற்செயல் இல்லை.

எழுத்து இல்லாத கீபேட் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் துருக்கியில் ஒரு கொடூர உதாரணம் உண்டு. துருக்கிய மொழியில் புள்ளி வைத்த 'ஐ' வேறு, புள்ளி இல்லாத 'ஐ' வேறு. புள்ளி இல்லாததைக் காட்ட முடியாத போனால் ஒரு மெசேஜின் அர்த்தம் ஆபாசமாக மாறி, குடும்பச் சண்டை மூண்டு, உயிரிழப்பில் முடிந்ததாக 2008-ல் செய்தி வெளியானது.

மொழிகளுக்கான இந்தக் குறையை எஸ்எம்எஸ் தரவிதிகளை வகுப்பவர்களும் சரிசெய்யப் பார்த்தார்கள். முதலில் துருக்கி உள்ளிட்ட மொழிகளுக்கும், அடுத்த பதிப்பில் தமிழ் உட்பட 10 இந்திய மொழிகளுக்கும் தனி எழுத்து அட்டவணைகள் சேர்க்கப்பட்டன. இரண்டு போனும் அதை ஆதரித்தால் தமிழிலும் 70-க்குப் பதில் 150-க்கும் மேல் எழுதலாம். ஆனால் அது காகிதத்தில் வந்த நேரம் 2009. அதே ஆண்டு வாட்ஸ்அப்பும் வந்துவிட்டது. அட்டவணையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விளைவு, மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பும் சேவைகளில் இன்றைக்கும் தமிழுக்கு 70 கணக்குதான். வங்கி, மின்கட்டணம், மருத்துவமனை அப்பாயின்ட்மென்ட் என்று வருகிற எஸ்எம்எஸ்களில் எத்தனை தமிழில் இருக்கின்றன என்று உங்கள் இன்பாக்ஸைத் திறந்து பாருங்கள். அனுப்புபவருக்கு ஆங்கிலம் மலிவு.

கண்ணாடிக்கு அடியில் டி9

2007 ஜூனில் ஐபோன் வந்தது. பட்டன் போனது, முழு கீபோர்டு திரைக்குள் போனது. ஆனால் விரல் பெரிது, எழுத்துக்கட்டம் சிறிது. எந்தக் கட்டத்தைத் தொட்டோம் என்பதே சந்தேகம். அதற்கு ஆப்பிள் பொறியாளர்கள் கண்ட வழி: நீங்கள் 'டி', 'எச்' அடித்ததும் அடுத்து 'இ' வர வாய்ப்பு அதிகம் என்பதால், 'இ'-யின் தொடு எல்லை கண்ணுக்குத் தெரியாமல் பெரிதாகும். பிழையாகத் தொட்டாலும் அகராதி திருத்தும். விரல் சொல்வது பாதி, மீதியை அகராதி ஊகிக்கும். டி9-ன் அதே தத்துவம். டி9-ஐ உருவாக்கியவர்களில் ஒருவரான கிளிஃப் குஷ்லர்தான், பின்னாளில் விரலை எடுக்காமல் எழுத்துகள்மேல் இழுத்து எழுதும் 'ஸ்வைப்' முறையையும் இன்னொருவரோடு சேர்ந்து உருவாக்கினார்.

ஜப்பானில் கதை வேறு மாதிரி போனது. அவர்களுடைய எழுத்து வரிசை நம் க, கா, கி போல மெய்யும் உயிரும் சேர்ந்த அடுக்கு. ஒரு வரிசைக்கு ஒரு பட்டன் என்று 10 பட்டன்களில் பாந்தமாக உட்கார்ந்தது. ஐபோன் அங்கே போனபோதும் அந்த எண் கீபேட் அமைப்பு சாகவில்லை. பட்டனைத் தொட்டு நான்கு பக்கமும் சுண்டினால் உயிர்மாறும் 'ஃபிளிக்' முறையாக மாறி, இன்றும் ஜப்பானிய இளைஞர்களின் விரலில் ஓடுகிறது.

இந்தியாவிலும் 12 பட்டன் முடிந்துபோன கதை இல்லை. 2017-ல் அறிமுகமான ஜியோபோனில் எண் கீபேட்தான். 2018 செப்டம்பரில் அதற்கு வாட்ஸ்அப் வந்தது. ஆண்ட்ராய்டு வாங்கக் காசு இல்லாத வீடுகளில், பேரனின் வாட்ஸ்அப் மெசேஜுக்குப் பதில் சொல்ல ஒரு பாட்டி அப்போதும் 2-ஐயும் 6-ஐயும் தட்டிக்கொண்டிருந்திருக்கலாம். இல்லையென்றால், மைக் பட்டனை அழுத்தி வாய்ஸ் மெசேஜ் போட்டிருப்பார்.